மிளகு மணக்கும் மட்டாஞ்சேரி

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும், குழந்தைகள் ஊட்டி என்பார்கள். பாட்டி குருவாயூர் என்பார். குடும்பத் தலைவரோ பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "ஏன், மெரினாவுக்கு என்ன குறைச்சல்?" என்பார். மூன்று கட்சிகளையும் ஒருவாறு சமாதானப்படுத்தக் கூடிய ஊர் ஒன்று உண்டு. குருவாயூரில் தரிசனத்தை முடித்துக்கொண்டு இன்னும் சிறிது தூரம் தெற்கே போனால் போதும், கொச்சி வந்துவிடும். கடல் இருக்கிறது, காயல் இருக்கிறது, படகு இருக்கிறது. ஊட்டிக் குளிர் மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாகச் சுக்கும் மிளகும் மணக்கும் ஒரு காற்று உண்டு. அதை எங்கும் விலைக்கு வாங்க முடியாது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொச்சிக்கு என்று ரயில் ஏறுகிறவர்கள் இறங்குவது எர்ணாகுளத்தில். அது வியாபாரமும் உத்தியோகமும் நிறைந்த புது நகரம். ஜவுளிக் கடைகளும் உயர்ந்த கட்டடங்களும் நம் ஊரிலேயே வேண்டிய மட்டும் பார்த்தவைதாம். நீங்கள் பார்க்கவேண்டிய பழைய கொச்சி, காயலுக்கு அக்கரையில் இருக்கிறது. கோட்டைக் கொச்சி என்றும் மட்டாஞ்சேரி என்றும் அதில் இரண்டு பகுதிகள். பாலங்களின் வழியாக டாக்ஸியில் அரை மணியில் போய்விடலாம். ஆனால் தயவு செய்து அப்படிப் போகாதீர்கள். படகில் போங்கள். அரசாங்கப் படகுகள் பல காலமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 2023-ம் ஆண்டு முதல், மின்சாரத்தில் ஓடும் குளிர்சாதனப் படகுகளும் வந்துவிட்டன; இவற்றுக்கு நீர் மெட்ரோ என்று பெயர். ஹைகோர்ட் துறையில் ஏறினால் கோட்டைக் கொச்சியில் இறங்கலாம். புதுப் படகில் சௌகரியம் அதிகம். பழைய படகில் காற்று அதிகம். நான் காற்றின் கட்சி.

படகு நடுக் காயலுக்கு வந்ததும் இடது பக்கம் துறைமுகம் தெரியும். கப்பல்களும் கிரேன்களும் நிற்கும் அந்த வில்லிங்டன் தீவு இயற்கையாக உண்டானதல்ல. ஒரு காலத்தில் கொச்சியின் வாயிலில் பெரிய மணல் திட்டு ஒன்று மறித்துக்கொண்டு கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக் கடலிலேயே நின்றுவிடும். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கில இஞ்சினீயர் 1920-ல் வந்து, மணலை வெட்டி வழி உண்டாக்கினார். 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் முதன் முதலாக உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டியதில் பிறந்ததுதான் இந்தத் தீவு. அந்த நாளில் கொச்சி ராஜ்யத்துக்குத் திவானாக இருந்து துறைமுகத்தை வளர்த்தவர்களில் நம் கோயமுத்தூர்க்காரர் ஒருவரும் உண்டு. அவர்தான் ஆர். கே. ஷண்முகம் செட்டியார், பிற்பாடு சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானவர். எர்ணாகுளத்தில் காயல் ஓரமாகச் செல்லும் முக்கியச் சாலைக்கு இன்றும் ஷண்முகம் ரோடு என்றுதான் பெயர்.

கோட்டைக் கொச்சியில் கால் வைத்ததும் உங்களை வரவேற்பவை சீன வலைகள். பத்திரிகைகளிலும் காலண்டர்களிலும் படமாகப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பீர்கள். நேரில் பார்த்தால் சலிக்காது. தேக்கும் மூங்கிலும் கொண்டு கட்டிய நீண்ட கைகள். அவற்றின் முனையில் தொட்டில் மாதிரி விரிந்த வலை. பின் பக்கத்தில் கயிறுகளில் வரிசையாகக் கருங்கல் கட்டித் தொங்கவிட்டிருக்கும். வலையின் கனத்துக்கு அந்தக் கற்கள் ஈடு. நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால், அத்தனை பெரிய வலை கிணற்று ஏற்றம் போல மெதுவாக எழும்புகிறது. சீனர்கள் கொண்டுவந்து கொடுத்தது என்பது ஊர்ப் பேச்சு. மக்காவிலிருந்து போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தார்கள் என்று வாதிப்பவர்களும் உண்டு. யார் கொண்டுவந்தால் என்ன, இப்போது வலையில் மீனைவிடக் கடல் பாசியும் குப்பையும்தான் அதிகம் வருகின்றன. ஒரு தடவை தூக்கியதில் கையளவு மீன் கிடைத்தால் பெரிய காரியம். ஆகவே வலைக்காரர்கள் "நீங்களும் ஒரு இழுப்பு இழுங்கள்" என்று வருகிறவர்களைக் கூப்பிட்டு, அதற்குச் சிறிது சன்மானம் எதிர்பார்க்கிறார்கள். கொடுங்கள், தப்பில்லை.

இந்த ஊர் துறைமுகமானதே ஒரு வெள்ளத்தினால்தான் என்கிறார்கள். 1341-ம் வருஷம் பெரியாற்றில் வந்த பெரு வெள்ளம் கொச்சியின் முகத்தை அகலமாக்கியது. வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கத்துப் பழைய துறையைத் தூர்த்துவிட்டது. சங்கப் பாடல்களில் முசிறி என்று படித்திருக்கிறோமே, யவனர்கள் கப்பலில் வந்து மிளகு ஏற்றிக்கொண்டு போன பட்டினம், அது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. மிளகு வியாபாரம் மெல்லத் தெற்கே நகர்ந்து கொச்சிக்கு வந்தது. மிளகின் வாசனையைப் பிடித்துக்கொண்டு 1500-ல் போர்த்துகீசியர் வந்தார்கள்; 1663-ல் அவர்களைத் துரத்திக்கொண்டு டச்சுக்காரர்கள் வந்தார்கள்; 1795-ல் டச்சுக்காரர்களைத் துரத்திக்கொண்டு ஆங்கிலேயர் வந்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டியில் ஒரு மூலையில் கிடக்கிற சாமானுக்காக இத்தனை சண்டை! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவைச் சேர்ந்தது. பக்கத்திலேயே உள்ள கோட்டைக் கொச்சியோ ஆங்கிலேயர் வசமாகி, மலபார் ஜில்லாவோடு சேர்ந்து, 1956-ல் கேரளம் உருவாகும் வரையில் சென்னை ராஜ்யத்தில் இருந்தது.

வலைகளிலிருந்து நடக்கும் தூரத்தில் பிரான்ஸிஸ் மாதா கோயில். 1503-ல் போர்த்துகீசியர் மரத்தால் எழுப்பி, பிறகு கல்லில் கட்டியது. வாஸ்கோ ட காமா 1524-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கொச்சியில் காலமானபோது இங்கேதான் புதைத்தார்கள். எலும்புகளைச் சில வருஷங்களுக்குப் பிறகு போர்த்துகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். கல் மட்டும் இருக்கிறது. கல்லை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தலையை உயர்த்தி மேலே பாருங்கள். நீளமான துணி விசிறிகள் வரிசையாகத் தொங்குகின்றன. வெளியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்து, உள்ளே பிரசங்கம் கேட்கும் துரைமார்களுக்கு விசிறிய ஆட்கள் யாரோ! அவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இனி மட்டாஞ்சேரி. வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது.

மட்டாஞ்சேரி அரண்மனையை 'டச்சு அரண்மனை' என்பார்கள். கட்டியவர்கள் போர்த்துகீசியர், 1555-ம் வருஷ வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். பெயரை அவர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அரண்மனை என்று சொல்லத் தோன்றாது. கொஞ்சம் பெரிய நாலுகட்டு வீடு மாதிரி இருக்கும். நடு முற்றத்தில் பழயன்னூர் பகவதியின் சிறு கோயில். ஆனால் உள்ளே ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் எழுதியிருக்கிறார்களே ராமாயணம், அதற்காகவே ரயில் செலவு செய்யலாம். காவியும் பச்சையும் மஞ்சளும் குழைந்து, ஓர் அங்குல இடம்கூட வெறுமையாக விடாமல், அத்தனை நெருக்கமாகச் சித்திரங்கள். முகங்களெல்லாம் கதகளி வேஷம் போலப் பெரிய கண்களுடன் இருக்கின்றன. கீழ்க் கட்டில் பெண்களின் அறைகள். அங்கே சிவன் பார்வதி, கிருஷ்ணன் கோபியர். சில படங்களைக் கோடு மட்டும் போட்டு வர்ணம் தீட்டாமல் நிறுத்திவிட்டார்கள். முடிந்த படங்களைவிட அவைதாம் ஓவியனின் கையை நன்றாகக் காட்டுகின்றன என்பது என் அபிப்பிராயம். வெள்ளிக்கிழமை அரண்மனை திறப்பதில்லை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனையை ஒட்டியே யூதர் தெரு. நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். நீங்களும் அப்படியே செய்யவேண்டுமென்று சிபாரிசு செய்கிறேன்.

குறுகிய தெரு. இரு பக்கமும் பழைய வீடுகள். சில ஜன்னல் கம்பிகளில் யூதர்களின் ஆறு முனை நட்சத்திரம். வீடுகளெல்லாம் இப்போது கடைகள். காஷ்மீரத்து வியாபாரிகள் சால்வையும் வெள்ளி நகையும் விற்கிறார்கள். வாசனைத் திரவியம், பித்தளைச் சாமான், பழைய மரத் தூண், நம் பாட்டி காலத்து உருளி எல்லாம் கிடைக்கும். 'புராதனம்' என்று சொல்லும் சாமான்களில் பாதி போன வருஷம் பிறந்தவை. பேரம் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே நுழையுங்கள். தெருவின் கோடியில் மணிக்கூண்டு. அதன் கீழே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால், பரதேசி யூதர்களின் ஜெபாலயம்.

பரதேசி என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நம் ஊரில் அது வசவாகிவிட்டது. இங்கே அதற்கு நேர்ப் பொருள்: பர தேசங்களிலிருந்து வந்தவர்கள். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்கள், ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே கொடுத்த இடத்தில் 1568-ல் கட்டிக்கொண்ட ஆலயம் இது. அவர்கள் வருவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பே கேரளத்தில் யூதர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர அரசன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்குச் செப்பேடு எழுதிக் கொடுத்தான். பல்லக்கு ஏறலாம், குடை பிடிக்கலாம், பகலில் விளக்கு ஏந்தலாம், நடக்கும் வழியில் சீலை விரிக்கலாம் என்று எழுபத்திரண்டு உரிமைகள். அந்தச் செப்பேட்டின் எழுத்து நம் பாண்டி நாட்டுப் பாறைகளிலெல்லாம் காணும் வட்டெழுத்து. மொழியும் பழந்தமிழை ஒட்டிய மொழிதான்.

ஆலயத்துக்குள் போனால் முதலில் தரையைத்தான் பார்ப்பீர்கள். சீனாவில் காண்டன் நகரத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் தருவித்த வெள்ளை ஓடுகள்; ஒவ்வொன்றிலும் நீல மையினால் கையாலேயே எழுதிய மரமும் பூவும் நதியும். எல்லாம் ஒன்று போலத் தோன்றும். உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். குழந்தைகளை அழைத்துப் போனால் இந்த வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. இதிலிருந்துதான் வேதம் ஓதுவார்கள். ஆனால் மாடியில் இன்னொரு மேடை இருக்கிறது பாருங்கள்! அது கொச்சி யூதர்களுக்கே உரிய ஏற்பாடு. யூத ஆலயங்களில் பெண்களுக்கு மாடியில், தட்டிக்குப் பின்னால் இடம். உலகத்தின் மற்றப் பகுதிகளில் வேதம் கீழேயே வாசிக்கப்பட, பெண்கள் மேலேயிருந்து எட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இங்கே ஓய்வு நாளிலும் பண்டிகை நாளிலும் வேதச் சுருளை மாடி மேடைக்கே எடுத்துக்கொண்டு போய், பெண்கள் பகுதிக்கு முன்னால் நின்று வாசித்தார்கள்.

அதோடு நின்றதா? அந்தப் பெண்கள் பாடவும் பாடினார்கள். ஆண்கள் கேட்கப் பெண்கள் பாடலாகாது என்பது மற்ற இடங்களில் ஆசாரமான யூதர்களின் கட்டுப்பாடு. கொச்சியில் அந்தக் கட்டுப்பாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் கூடி, கைதட்டிப் பாடினார்கள். எபிரேய மொழியில் அல்ல, மலையாளத்தில்! வேதக் கதை, கல்யாண வாழ்த்து, ஆலயம் கட்டிய வரலாறு எல்லாம் பாட்டாக இருந்தது. அம்மா பெண்ணுக்கும் பாட்டி பேத்திக்கும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி எழுதிக் கொடுத்து வந்தார்கள். நம் வீடுகளில் நலங்குப் பாட்டு நோட்டும் லாலி நோட்டும் பரண் மேல் கிடக்கின்றன அல்லவா, அதே மாதிரி.

இதெல்லாம் கேட்க இனிமையாகவே இருக்கிறது. இனிமையில்லாத பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். இந்த அழகான தரையில் எல்லா யூதரும் சமமாக உட்கார முடியவில்லை. பரதேசிகள் தங்களை வெள்ளை யூதர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் தங்கள் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியை, உள்ளே பெஞ்சியில் உட்காரவோ வேதம் ஓதவோ அனுமதிக்கவில்லை. வாசல் பக்கத்தில் தரையில் உட்காரவேண்டும். நம் தேசத்துக்கு வந்து எத்தனையோ கற்றுக்கொண்டவர்கள், இதையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்! அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஏ. பி. ஸேலம் என்பவர் சென்னைக்கு வந்து சட்டம் படித்தார். காந்திஜியின் வழியில், இந்த ஆலயத்துக்குள்ளேயே அவர் சத்தியாக்கிரகம் நடத்தினார். வருஷக்கணக்கில் நடந்த போராட்டம் அது. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனாலும் 1950-ல் அவருடைய மகனும் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளப் பம்பாய்க்குத்தான் போகவேண்டியிருந்தது. ஸேலம் 1967-ல் காலமானார். யூதர் தெருவுக்கு இப்போது அவர் பெயர். வாசலில் உட்காரச் சொன்னவர்களின் வீடுகளெல்லாம் அவர் பெயர் கொண்ட சாலையில் இருக்கின்றன.

பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. கொச்சியில் யாரும் அவர்களைத் துரத்தவில்லை; கல்லெறியவில்லை. ஆயிரம் வருஷமாகப் பிரார்த்தனையில் சொல்லிவந்த ஊருக்குப் போகவேண்டும் என்ற ஆசை, போகத் தூண்டியது. 1950-களின் நடுவில், கேரளத்து யூதர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டார்கள். பரதேசிகள் இன்னும் சிறிது காலம் இருந்தார்கள். 1968-ல் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அதன் பின் அவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள், அல்லது முதுமையில் இறந்தார்கள். யூத மதப்படி முழு வழிபாடு நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். மட்டாஞ்சேரியில் இன்று பத்துப் பேருக்கு எங்கே போவது? ஆலயம் துடைத்து வைத்தது போல் பளபளவென்று இருக்கிறது. டிக்கட் வாங்கிக்கொண்டு நாம்தான் உள்ளே போகிறோம்.

பாட்டு நோட்டுகள்? அவையும் கடல் கடந்தன. ரூபி டேனியல் என்ற அம்மாள், இந்தத் தெருவில் 1912-ல் பிறந்தவர். ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்து படித்து முன்னேறியவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர். 1951-ல் இஸ்ரேலுக்குப் போனார். முதிய வயதில் அந்தப் பாட்டுகளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். தம் ஞாபகங்களையும் புத்தகமாக்கி 1995-ல் வெளியிட்டார். 2005-ல் ஜெருசலேமில் அந்தப் பாட்டுகளைத் தொகுத்து ஒரு நூல் வெளிவந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'கார்குழலி'! ஜெருசலேமில் அச்சான புத்தகத்துக்கு, நம் வீட்டுப் பெண் குழந்தைக்கு இடக்கூடிய பெயர். உங்கள் வீட்டில் பாட்டி, கொள்ளுப்பாட்டி எழுதிய பாட்டு நோட்டு இருந்தால், பழைய பேப்பர்காரன் வருமுன் அதை இறக்கிப் பாருங்கள்.

யூதர் ஆலயம் சனிக்கிழமை திறப்பதில்லை; வெள்ளிக்கிழமையும் நம்பிப் போகவேண்டாம். வெளியே வந்ததும் பஜார் ரோடு வழியாகக் கொஞ்சம் நடந்தால், கிடங்குகளில் சுக்கும் மிளகும் ஏலமும் மூட்டை மூட்டையாய் இருக்கும். குஜராத்தியரும் கொங்கணியரும் தமிழ்ப் பிராமணரும் தலைமுறை தலைமுறையாக வசிக்கும் வட்டாரம் இது. நல்ல மிளகு கைக்குக் கனமாக, உருண்டையாக, கறுப்பாக இருக்கும். விரலால் நசுக்கினால் நசுங்கக்கூடாது. தெரு ஓரத்தில் குவித்து வைத்திருப்பதை வாங்கிவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக ஓர் இடம். வழிகாட்டிகளில் சிலர் அழைத்துப் போவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள். கோட்டைக் கொச்சியில் வேளி என்னும் பகுதியில் தோபி கானா என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார்.

உள்ளே நுழைந்ததும் தமிழ் கேட்கும். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்புகளை வெளுப்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். டச்சுக்காரர்கள் போனார்கள், ஆங்கிலேயர் வந்து போனார்கள், யூதர்களும் போனார்கள். இவர்கள் போகவில்லை. முன்பு இங்குள்ள குளங்களில் துவைத்தார்கள். 1976-ல் இந்தச் சலவைக் கூடத்தை அரசாங்கத்தார் கட்டிக் கொடுத்தார்கள். வண்ணார் சங்கம் நிர்வாகம் செய்கிறது. குடும்பத்துக்கு ஒரு தொட்டி, ஒரு துவைகல். ஒரு பக்கம் 'சளார், சளார்' என்று துணி கல்லில் விழுகிற சத்தம். ஒரு பக்கம் கஞ்சியும் நீலமும். கஞ்சி அரிசிக் கஞ்சிதான். பாக்கெட் மாவு அல்ல.

வெளியே மைதானத்தில் கொடிகளைப் பாருங்கள். வேட்டி, புடவை, ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி எல்லாம் கடல் காற்றில் படபடக்கின்றன. ஒரு கிளிப்பும் கிடையாது! இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள்ளே துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்று வந்தாலும் பறப்பதில்லை. மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் பறந்த துணிகளுக்காகப் படியேறி இறங்கிய என் போன்றவர்களுக்கு, வாஸ்கோ ட காமாவின் கல்லைவிட இது பெரிய அதிசயமாகப் பட்டது.

இஸ்திரி மேஜையருகில் வயதான அம்மாள் ஒருவர், கனமான பெட்டியை ஓட்டியபடியே, "எந்த ஊரு?" என்று கேட்டார். சென்னை என்றேன். தம் முன்னோரின் ஊர்ப் பெயர் தமக்குத் தெரியாது என்றும், திருநெல்வேலிப் பக்கம் என்று மாமியார் சொல்லிக் கேட்டதுண்டு என்றும் சொன்னார். அந்தத் தமிழில் மலையாளத்தின் ராகம் கலந்திருந்தது. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமில்லை. தொட்டிகளில் சில காலியாகக் கிடப்பதைக் கையால் காட்டிவிட்டு, மடிப்புக் கலையாமல் அடுத்த வேட்டியை எடுத்துக்கொண்டார்.

காலை பத்து மணிக்குள் போனால் துவைப்பதையும் உலர்த்துவதையும் ஒரே சமயத்தில் பார்க்கலாம். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் கசங்கிய கைத்தறிப் புடவை ஒன்று இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். வெயில் இருந்தால் சாயங்காலப் படகுக்கு முன் கஞ்சி போட்டு, மடித்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.